அத்தியாயம் 4: வண்டி நின்ற பிறகே கூடாரம்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலுக்கு வண்டி கட்டி வந்து தங்குகிற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். டிரெய்லரின் பக்கப் பலகையிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்து, எதிரே இரண்டு கம்பு நட்டு, கயிற்றை முடிந்துவிட்டால் சமைக்கவும் படுக்கவும் நிழல் கிடைத்துவிடும். வந்த வண்டியே வீட்டுக்கு ஒரு சுவராக நிற்கும்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பங்கள் விடுமுறைக்குக் காரின் பின்னால் பூட்டிச் செல்லும் டிரெய்லர் கூடாரம் இதே யோசனையின் வளர்ந்த வடிவம். இடுப்பு உயரத்தில் ஒரு சிறிய இருசக்கர டிரெய்லர். அதன் மூடியைத் திறந்து பக்கவாட்டில் கவிழ்த்தால் மூடியே தளமாகிவிடும். உள்ளே மடித்து வைத்த கான்வாஸும் கம்பிகளும் மூடியோடு எழுந்து நிற்கும். படுக்கை தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் ஈரமும் பூச்சியும் குறைவு. நம் பக்கம் இவை இன்னும் அரிது. பட்டறையில் சொல்லிச் செய்தவர்களும், வெளியிலிருந்து தருவித்தவர்களும்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை என்பதால்தான் முதல் விரிப்புக்கு இத்தனை பக்கங்கள்.

இந்த அத்தியாயம் சொல்லும் பாடம் ஒன்றுதான். டிரெய்லர் கூடாரம் முதலில் ஒரு வண்டி, பிறகுதான் வீடு. வண்டி அசையாமல், சாயாமல் நின்ற பிறகே கூடாரத்தில் கை வைக்க வேண்டும். ஜிப் இழுக்கவில்லை, கம்பி பொருந்தவில்லை, கதவு கோணுகிறது என்று முதல் நாளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றின் வேர், சக்கரம் நின்ற விதத்தில் இருக்கும்.

முதல் விரிப்பு எங்கே?

பழவேற்காட்டிலோ பூண்டியிலோ போய் இறங்கி முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். முதல் விரிப்பு உங்களுக்குத் தெரிந்த இடத்தில், பகல் வெளிச்சத்தில் நடக்கட்டும். வீட்டு முற்றம் போதாவிட்டால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் பக்கத்திலோ தெரிந்தவரின் பட்டறை முற்றம், குடோன் வாசல் என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வராத ஒரு முற்றம் கிடைத்தால் அதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை. உரிமையாளரிடமும் காவலாளியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிப்காட் உள் சாலைகளின் ஓரம் வேண்டவே வேண்டாம். அங்கே கனரக வண்டிகள் எந்த நேரத்திலும் பின்னால் எடுக்கும். ஓட்டுநரின் கண்ணாடியில் உங்கள் தாழ்வான டிரெய்லர் தெரியாது.

இடத்தைத் தேர்ந்ததும் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களிலிருந்து புறப்படும் உயர் அழுத்தக் கம்பிகள் இந்த மாவட்டத்தின் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் மேலாகத்தான் போகின்றன. நீளமான இரும்புக் கம்பியைக் கையில் தூக்கி நிமிர்த்தும் வேலை இது. மின்கம்பிக்குக் கீழேயோ அருகிலோ அதைச் செய்யக் கூடாது. தெருவுக்குள் போகும் சாதாரணக் கம்பிக்கும் இதே விதிதான்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் முற்பகல் பத்து மணிக்கு மேல் கான்வாஸுக்குள் நின்று வேலை செய்ய முடியாது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடியும். முதல் முறைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். பழகிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் வேலைதான். வெளியே தங்கிப் பார்க்க ஏற்ற காலம் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே கொள்கிறது. எஞ்சின் இல்லாவிட்டாலும் பதிவு தேவை. பட்டறையில் பற்றவைத்து வாங்கியதை அப்படியே சாலையில் இழுத்துச் செல்ல முடியாது. செய்யச் சொல்லுமுன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் டிரெய்லர் இழுப்பதைச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் கார் எவ்வளவு இழுக்கும்? காரோடு வந்த கையேட்டில் இழுவைத் திறன் என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கே எடை எதுவும் சொல்லப்படவில்லை என்றால், அல்லது இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால், அந்தக் காரை இந்த வேலைக்குப் பூட்டாதீர்கள். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பல இதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல.

சுமையை ஏற்றும்போது கனமானவை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக இருக்கட்டும். டிரெய்லரின் மூக்கு, அதாவது காரின் கொக்கியில் உட்காரும் முனை, மொத்த எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதத்தைத் தாங்க வேண்டும். அடுப்பும் தண்ணீர் கேனும் பின்கோடியில் ஏறினால் மூக்கு லேசாகிவிடும். வேகம் எடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். காரனோடையிலிருந்து கவரைப்பேட்டை வழியாக எளாவூர் வரை தேசிய நெடுஞ்சாலை 16-இல் கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் கடக்கும்போது அடிக்கும் காற்று அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கிவிடும். ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங்கை வெட்டாமல், பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தை மெல்ல விடுங்கள்.

கையில் இருக்க வேண்டிய சாமான்கள்

- கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், 60 செ.மீ. நீளமுள்ளது
- ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தடிமனில் பலகைத் துண்டுகள் ஆறு
- சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கொடுக்க நான்கு மரக்கட்டைகள். லாரிக்காரர்கள் வைப்பது போல ஒரு பக்கம் சாய்வாக வெட்டியவை
- இரண்டு கிலோ சுத்தியலும் ஒரு சிறிய கடப்பாரையும்
- முளைகள் முப்பது. கூடாரத்தோடு வந்த மெல்லிய கம்பி முளைகளை மட்டும் நம்ப வேண்டாம்
- பத்து மீட்டர் கயிறு நான்கு. காலி சிமென்ட் சாக்குகள் ஆறு
- தரையில் விரிக்கத் தார்ப்பாய், தோல் கையுறை, டார்ச், நான்கு நிறத்தில் ஒட்டு டேப்

முளைகளுக்கு இந்த வட்டாரத்திலேயே நல்ல வழி இருக்கிறது. கட்டுமான முறுக்குக் கம்பி உருட்டும் ஆலைகள் கும்மிடிப்பூண்டியில் நிறைய. கடையில் 12 மி.மீ. கம்பி வாங்கி, வெல்டிங் பட்டறையில் 45 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைக் கொக்கியாக வளைத்துத் தரச் சொல்லுங்கள். எந்த மண்ணிலும் வளையாத முளை கிடைத்துவிடும். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் பழைய தோட்டக் குழாயின் துண்டு ஒன்றை மாட்டுங்கள். இருட்டில் குழந்தைகளின் கால் தப்பும்.

பின்னால் எடுப்பது

டிரெய்லர் பூட்டிய காரைப் பின்னால் எடுப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். கோணம் மடங்கிக்கொண்டே போனால் பிடிவாதம் வேண்டாம்; முன்னால் வந்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பின்னால் நின்று குரல் கொடுப்பவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பஸ்ஸில் கண்டக்டர் சொல்லிக் கேட்ட வார்த்தைகளே போதும்.

"வரலாம்ப்பா, வா... வா... ரைட்ல கொஞ்சம் ஒடி."

"சுவர் எவ்ளோ இருக்கு?"

"ரெண்டு அடி இருக்கு. இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்!"

'ஹோல்டான்' என்றதும் நின்றுவிட வேண்டும். ஏன் என்ற கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், முற்றத்துக் காவலாளி ஒரு பக்கம் என்று எல்லோரும் கத்தினால் யார் சொன்னதும் காதில் ஏறாது.

மட்டம் பார்ப்பது

கூடாரம் நேராக நிற்பதும் கோணுவதும் இங்கேதான் முடிவாகிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் பக்கவாட்டு மட்டம். இதைக் காரிலிருந்து கழற்றுமுன்பே செய்ய வேண்டும். சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுக்க வேண்டுமானால் காரைக் கொண்டுதான் ஏற்ற முடியும்.

டிரெய்லரின் சட்டத்தின் குறுக்கே ரசமட்டத்தை வையுங்கள். குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உயரம். இப்போது தாழ்ந்த பக்கத்து முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை விரலால் உயர்த்திப் பிடித்து, அந்த முனைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ரசமட்டம் 60 செ.மீ. நீளம், இரு சக்கரங்களுக்கு நடுவே 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கர அகலம் ரசமட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே 1.5 செ.மீ. இடைவெளி தெரிந்தால் தாழ்ந்த சக்கரத்தை 3 செ.மீ. உயர்த்த வேண்டும். காரை அரை மீட்டர் முன்னால் எடுத்து, அந்தச் சக்கரத்தின் வழியில் அந்தக் கனத்துக்குப் பலகையை வைத்து, மெல்லப் பின்னால் ஏற்றி நிறுத்துங்கள். மறுபடி ரசமட்டத்தைப் பாருங்கள். குமிழி கோடுகளுக்குள் வந்துவிட்டால் போதும்.

இனி வரிசை இது. மாற்றாதீர்கள்.

1. டிரெய்லரின் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்.
2. இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டி இறுக்குங்கள்.
3. முன் தாங்குச் சக்கரத்தை இறக்கி அதன்மேல் மூக்கின் எடையை ஏற்றுங்கள்.
4. விளக்கு வயரையும் பாதுகாப்புச் சங்கிலியையும் கழற்றிய பிறகு கொக்கியை விடுவியுங்கள். காரை ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.
5. ரசமட்டத்தை இப்போது நீளவாட்டில் வைத்து, தாங்குச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி முன்பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.
6. கடைசியாக நான்கு மூலைக் கால்களை இறக்குங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பலகை.

ஆறாவது படியில் ஒரு கவனம் தேவை. மூலைக் கால்கள் வண்டி ஆடாமல் பிடிப்பதற்காக மட்டுமே. தரையைத் தொட்டு லேசாக இறுகியதும் நிறுத்திவிடுங்கள். அவற்றை ஜாக்கியாக நினைத்து வண்டியைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மூடி சரியாகப் பொருந்தாமல் போகும். பொன்னேரிப் பக்கத்துக் களிமண்ணில் பலகை இல்லாத கால் இரவுக்குள் மண்ணில் புதைந்து, விடியும்போது படுக்கை சாய்ந்திருக்கும்.

வண்டியின் மேல் ஏறி நின்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். நகராமல் நின்றால் வண்டி வேலை முடிந்தது. வீட்டு வேலைக்குப் போகலாம்.

மூடியைத் திறப்பது

மூடி கவிழும் பக்கத்தில் தரையைச் சுத்தம் செய்து தார்ப்பாயை விரியுங்கள். ஆலை முற்றங்களில் வெல்டிங் துண்டு, ஆணி, இரும்புச் சுருள் கிடக்கும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்தால் கண்ணுக்குத் தப்பியவை ஒட்டிக்கொண்டு வரும்.

மூடியும் கான்வாஸும் சேர்ந்து நல்ல எடை. இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக நின்று ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். மேலே போகும்வரை கனக்கும். செங்குத்தைத் தாண்டியதும் எடை மறுபக்கம் சாய்ந்து தானாகவே இழுத்துக்கொண்டு இறங்கும். பிடியை விடாமல் அதைத் தாங்கி இறக்குவதுதான் முக்கியம். விரல்கள் கீல் பக்கம் போகக் கூடாது. பிள்ளைகள் காருக்குள்ளோ, கண்ணில் படும்படி தூரத்திலோ இருக்கட்டும்.

மூடியின் அடியில் மடக்கி வைத்திருக்கும் கால்களை நிமிர்த்தித் தரையில் ஊன்றியதும், தளம் வண்டியின் மட்டத்திலேயே இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கம்பிகள். முதல் நாளில் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று தெரிந்ததும், அதன் இரு முனைகளிலும் நிற டேப் சுற்றிவிடுங்கள். கூரைக்குச் சிவப்பு, முன் தாழ்வாரத்துக்கு மஞ்சள் என்று உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மடித்த கான்வாஸ் எந்த மடிப்பில் இருந்தது என்ற படம், திரும்ப மடிக்கும்போது பெரிய உதவி.

கம்பிகளை ஒரேயடியாக முழு நீளத்துக்கு இழுத்து விறைக்காதீர்கள். எல்லாக் கம்பிகளையும் அதனதன் இடத்தில் தளர்வாக நிறுத்திய பிறகு, சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் எதிர் மூலையில் தையல் பிரியும்.

இன்னொன்றும் உண்டு. முளை அடிக்குமுன் எல்லாக் கதவு ஜிப்பையும் மூடிவிடுங்கள். திறந்த வாசலோடு முளை அடித்தால் துணி இழுபட்டு அகன்றுவிடும். பிறகு ஜிப் சேராது. இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் பல் தெறிக்கும்.

முளையும் கயிறும்

நான்கு மூலைகளை முதலில், எதிரெதிராக அடியுங்கள்: முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது. நடு முளைகள் பிறகு. முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு முளையைச் செங்கோணத்தில் இழுத்தால் பிடிப்பு அதிகம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று விதத் தரை வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் சரளைக்கல்லும். பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தது இந்தக் கூழாங்கல் நிலத்தில்தான். மெல்லிய முளை கல்லில் பட்டு வளையும். கடப்பாரையால் சிறிய வழி எடுத்து, முறுக்குக் கம்பி முளையை இறக்குங்கள். கல்லில் முட்டினால் ஒரு சாண் தள்ளி அடியுங்கள்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வயல் களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் குழம்பு. மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் அந்த நிலத்தில் டிரெய்லரோடு இறங்கினால் காரும் சேர்ந்து மாட்டும். காய்ந்த காலத்தில் முளை நன்றாகப் பிடிக்கும்; பிடுங்கும்போது பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஆட்டுங்கள்.

பழவேற்காட்டுப் பக்கம் கடல் மணல். அங்கே எந்த முளையும் நிற்காது. சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, நடுவில் கயிற்றைச் சுற்றி, முழங்கால் ஆழக் குழியில் படுக்கவைத்து மூடி மிதித்துவிடுங்கள். கயிற்றின் முனை மட்டும் வெளியே வரட்டும். மேலே குவிந்த மணலின் எடையே நங்கூரம். ஆலை முற்றத்துச் சிமென்ட் தரையிலும் இதே சாக்குகளை நிரப்பி மேலே வைத்துக் கட்டலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று நிறைந்திருந்தால் 20 கிலோ. மூலைக்கு இரண்டு வைத்தால் பயிற்சிக்குப் போதும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்துவது நல்லது. கோடையில் இந்தக் கடற்கரைப் பக்கம் காலையில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். பிற்பகலுக்கு மேல் காற்று திரும்பும் என்பதை நினைவில் வைத்து நான்கு பக்கமும் கயிறு கட்டுங்கள். இப்போது காற்று இல்லையே என்று ஒரு பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

புதிய கான்வாஸுக்கு முதல் குளியல்

பருத்தி கான்வாஸ் என்றால், விரித்து நிறுத்திய முதல் நாளே தோட்டக் குழாயால் முழுவதும் நனைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மறுபடி ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். தைத்த ஊசித் துளைகளைச் சுற்றியுள்ள நூல் நனைந்து உப்பி, துளையை அடைத்துக்கொள்ளும். முதல் நனைப்பில் தையலோரம் ஒழுகினால் துணி பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் ஒழுகும் இடத்துக்கு மட்டும் மெழுகு தேயுங்கள். சோப்புத்தூள் போடவே கூடாது. நீர் புகாமல் காக்கும் பூச்சு போய்விடும். பாலியெஸ்டர் துணிக்கு இந்தக் குளியல் தேவையில்லை. அதன் தையலில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரவு தங்குமுன்

நெருப்பு: கூடாரத்துக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ பற்றவைக்கக் கூடாது. தீப்பிடிப்பது ஒரு ஆபத்து. மூடிய துணிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு இன்னொரு ஆபத்து. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாது. கொசுவத்தியும் உள்ளே வேண்டாம். கொசுவலை ஜிப்பைப் பொழுது சாயுமுன்பே மூடிவிட்டால் தேவைப்படாது.

மின்சாரம்: வெளியிலிருந்து இணைப்பு எடுத்தால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். சுருளில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுற்றியபடியே மின்விசிறியையும் கெட்டிலையும் ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி உறை உருகும்.

பாம்பு: கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி குறைவு, தடமும் சரியாகத் தெரியாது. டிரெய்லர் கூடாரத்தின் உயரமான படுக்கை அதற்கு நல்ல பாதுகாப்பு. தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். செருப்பை உதறிப் போடுங்கள்; டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தது என்ற சந்தேகம் வந்தாலே போதும். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காற்றும் மழையும்: 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது வேரூன்றிய மரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. துணி எந்த மூலைக்கு? மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லும் நாளில் கூடாரம் விரிக்காதீர்கள். விரித்திருந்தால் மடித்துவிடுங்கள். இடி கேட்டால் உலோகக் கூரையுள்ள காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். இடிக்குக் கூடாரம் பாதுகாப்பு தராது.

மடிப்பது

மடிப்பதும் முதல் நாள் பயிற்சியில் சேர்த்திதான். தை மாதத்துப் பனியில் விடியும்போது கான்வாஸ் சொட்டச் சொட்ட இருக்கும். ஒன்பது, பத்து மணிவரை காயவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளில் கரும்புள்ளி விழும். அது போகவே போகாது. மழையில் மடிக்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்த அன்றே திரும்ப விரித்துக் காயவைக்க வேண்டும்.

திறந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். நடு முளைகள், மூலை முளைகள், கம்பிகள், துணி, மூடி. துணியின் ஓரங்களை உள்ளே தள்ளியபடி மடித்து, மூடி விளிம்பில் எங்கும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைப் பூட்டிய பிறகு மூலைக் கால்களை ஏற்றி, கொக்கியைப் பூட்டி, சங்கிலியையும் வயரையும் மாட்டுங்கள். கடைசியாக எடுக்க வேண்டியது சக்கரக் கட்டை. விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

எப்போது வெளியே கிளம்பலாம்?

பயிற்சி முற்றத்திலேயே ஒரு இரவு தங்கிப் பாருங்கள். என்ன மறந்தோம், எங்கே வெளிச்சம் போதவில்லை, எந்தப் பக்கம் காற்று வரவில்லை என்பது அந்த ஒரு இரவில் தெரிந்துவிடும். பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கு எந்த வேலை என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். கட்டை கொடுப்பவர் ஒருவர், ரசமட்டம் பார்ப்பவர் ஒருவர், முளை எண்ணி எடுத்து வைப்பவர் ஒருவர். பத்து வயதுப் பிள்ளைகூட ரசமட்டக் குமிழியைப் பார்த்துச் சொல்லிவிடும். வேலையில் பங்கு கிடைத்த பிள்ளை பயணத்திலும் ஆர்வமாக இருக்கும்.

இந்தப் புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு முறை விரித்து மடித்துவிட்டீர்கள் என்றால் கிளம்பலாம். முதல் பயணம் அருகிலேயே இருக்கட்டும்: உரிமையாளர் சம்மதித்த தோப்போ, பண்ணை நிலமோ. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். அங்கேயும் காட்டு நிலங்களிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போடக் கூடாது. பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. அதன் கரையில் தங்கவும் சமைக்கவும் நினைக்காதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்கும் இடத்துக்குப் பொழுது சாய இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். நேரமாகிவிட்டது, பசிக்கிறது, மழை தூறுகிறது என்ற அவசரத்திலும் ஹேண்ட் பிரேக், கட்டை, ரசமட்டம் என்ற மூன்றையும் தாண்டாதீர்கள். முளையில் பிழை இருந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். துணி கோணினால் தளர்த்தி இழுக்கலாம். சக்கரத்துக்குக் கொடுக்காத கட்டையை, குடும்பம் உள்ளே ஏறிப் படுத்த பிறகு கொடுக்க முடியாது.